மசில் காருக்கு மாற்றுக் கார்புரேட்டர்: குவாட்ராஜெட்டைத் தேர்ந்தெடுப்பதும் பிரித்துப் பூட்டுவதும்

1970ஆம் ஆண்டு மாடல் செவ்ரலே செவெல் காருக்குப் பெயர் ‘எஸ்எஸ் 396’. அந்த ஆண்டு அதன் பானட்டுக்கு அடியில் இருந்த எஞ்சினோ 402 கன அங்குலம். பழைய அமெரிக்க மசில் கார்களுக்கு, அதாவது பெரிய எஞ்சின் பூட்டிய வேகக் கார்களுக்கு, பெயர்ப் பலகையை நம்பி உதிரி பாகம் வாங்கக் கூடாது என்பதற்கு இந்த ஒன்றே போதும். அதே காரில் 350 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரையும், 375 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஹாலி கார்புரேட்டரையும் தொழிற்சாலையிலேயே பொருத்தினார்கள். ஐம்பது ஆண்டுகளில் பல கை மாறிய காரில் இவ்விரண்டில் எது எஞ்சியிருக்கிறது, அல்லது அவசரத்துக்குக் கிடைத்த வேறொன்று உட்கார்ந்திருக்கிறதா என்பது ஏர் கிளீனரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இந்த வழிகாட்டியில் குவாட்ராஜெட்டையே எடுத்துக்கொள்கிறேன். ‘குவாட்ராஜங்க்’ என்று அமெரிக்காவில் பலர் கேலி செய்யும் கார்புரேட்டர் இது. அந்தக் கெட்ட பெயரில் பெரும் பகுதி வடிவமைப்பால் வந்ததல்ல. வெவ்வேறு கார்களின் பாகங்களைக் கலந்து, அளவு பார்க்காமல் பூட்டியவர்களால் வந்தது என்பது என் கருத்து. எண் பார்த்து வாங்கி, அளந்து பூட்டினால் சாலையில் ஓட்டும் காருக்கு இதைவிடப் பொருத்தமான நான்கு வாய்க் கார்புரேட்டரை (காற்று இறங்க நான்கு வழிகள் கொண்டதை) நான் பார்த்ததில்லை.

குற்றம் கார்புரேட்டருடையதுதானா?

எஞ்சின் ஐடிலில் நடுங்குகிறது, ஆக்சிலேட்டரை மிதித்தால் திணறுகிறது என்றவுடன் கார்புரேட்டர் மீது பழி போடுவது வழக்கம். இக்னிஷன் பாயின்ட் தேய்ந்திருந்தாலும், டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்வம் அட்வான்ஸ் சவ்வு கிழிந்திருந்தாலும், மேனிஃபோல்டு கேஸ்கட் வழியாகக் காற்று இழுத்தாலும் அறிகுறிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எனவே பாயின்ட் இடைவெளி, டைமிங், வேக்வம் குழாய்கள், பெட்ரோல் ஃபில்டர் ஆகியவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். பெட்ரோல் பம்பின் அழுத்தத்தையும் கேஜ் வைத்து அளப்பது நல்லது. பெட்ரோல் கிண்ணம் நிரம்பியதும் ஊசி வால்வை மூடும் மிதவை குவாட்ராஜெட்டில் ஒன்றுதான்; அதுவும் சிறியது. அழுத்தம் 6 பி.எஸ்.ஐ.க்கு (சதுர அங்குலத்துக்கு 6 பவுண்டுக்கு) மேல் போனால் புத்தம் புதிய ஊசி வால்வையும் பெட்ரோல் தள்ளித் திறந்துவிடும்.

எவ்வளவு பெரியது வேண்டும்?

கார்புரேட்டரின் அளவை நிமிடத்துக்கு இத்தனை கன அடிக் காற்று என்று குறிப்பிடுகிறார்கள். தேவையைக் கணக்கிடும் வழி எளிது: எஞ்சினின் கன அங்குலத்தை அது தொடும் உச்ச சுழற்சி வேகத்தால் பெருக்கி 3456ஆல் வகுக்க வேண்டும். ஒரு கன அடியில் 1728 கன அங்குலம் உண்டு. நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் முழுக் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 1728ஐ இரட்டிப்பாக்கினால் 3456. 402 கன அங்குல எஞ்சின் 5200 சுற்று வரை ஓடுமானால் விடை 605. சாதாரண சாலை எஞ்சின் தன் கொள்ளளவில் சுமார் 85 விழுக்காடுதான் நிரப்பிக்கொள்ளும் என்பதால் உண்மைத் தேவை 515 கன அடிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.

இந்தக் கணக்கைப் பார்த்ததும், 750 கன அடி குவாட்ராஜெட் எதற்கு, 600 போதுமே என்று தோன்றும். எல்லா வாய்களும் ஒரே அளவாக உள்ள கார்புரேட்டராக இருந்தால் அந்த எண்ணம் சரிதான். குவாட்ராஜெட்டின் முன் வாய்கள் இரண்டும் வெறும் 1⅜ அங்குல விட்டம் கொண்டவை. பின் வாய்கள் 2¼ அங்குலம். அன்றாட ஓட்டத்தில் முன் வாய்கள் மட்டுமே வேலை செய்வதால் காற்று வேகமாகப் பாய்ந்து பெட்ரோலை நன்றாகச் சிதறடிக்கிறது. மிதியை அழுத்தினால் பின் த்ராட்டில் தட்டுகள் இணைப்புக் கம்பியால் திறக்கின்றன. ஆனால் அவற்றுக்கு மேலே ஸ்பிரிங் போட்ட ஒரு காற்றுக் கதவு இருக்கிறது. எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுக்கு மட்டுமே அது திறக்கும். பான்டியாக்கின் 250 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினிலிருந்து 454 கன அங்குல செவ்ரலே வி8 வரை ஒரே குடும்பக் கார்புரேட்டரைப் பொருத்த முடிந்தது இந்தக் கதவால்தான்.

மற்ற பிராண்டுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கார்ட்டர் ஏஎஃப்பி வடிவமைப்பிலிருந்து வந்த எடெல்பிராக் 1406, 600 கன அடி கொண்டது, மின்சார சோக் (குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகக் காற்றைக் குறைக்கும் கதவு) உடையது. ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் துளையுள்ள திருகை, எடுக்க மேல் மூடியைத் திறந்தால் போதும் என்பதால் புதியவர்களுக்கு எளிது. ஃபோர்டு 428 கோப்ரா ஜெட், பாஸ் 302 போன்றவற்றுக்கு ஹாலிதான் பிறவிச் சொந்தம். அங்கே குவாட்ராஜெட்டைத் திணிப்பதில் பொருளில்லை. ஹாலி வாங்குவோர், எடை கூடிய, ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட காருக்கு, பின் வாய்கள் வேக்வத்தால் திறக்கும் வகையையே எடுக்க வேண்டும். மேனிஃபோல்டின் வாய் அமைப்பையும் மறக்கக் கூடாது. குவாட்ராஜெட்டுக்கு உரிய மேனிஃபோல்டில் முன் துளைகள் சிறியவை, பின் துளைகள் பெரியவை. ஹாலி, எடெல்பிராக் ஆகியவற்றின் பெரும்பாலான மாடல்கள் நான்கும் சம அளவுள்ள துளைகளுக்கானவை. இடையில் அடாப்டர் தட்டு போட்டு ஒட்ட வைக்கலாம். அந்தத் தட்டின் கேஸ்கட் விளிம்பில் காற்று இழுப்பதைத் தேடியே பலருடைய ஞாயிற்றுக்கிழமைகள் கழிந்திருக்கின்றன.

எண்ணைப் படிப்பது

பழைய குவாட்ராஜெட் ஒன்றை வாங்கப் போகும்போது முதலில் பார்க்க வேண்டியது ஓட்டுநர் பக்கம், நடு உடலின் பின்பகுதியில் செங்குத்தாகப் பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணை. 702 என்று தொடங்கினால் 1960களைச் சேர்ந்தது. அடுத்த இலக்கம் ஆண்டைச் சொல்லும், எனவே 7028 என்றால் 1968, 7029 என்றால் 1969. 7040 என்றால் 1970. 7041 என்றால் 1971. இப்படியே 7045 வரை போகும். 1976 முதல் எண் 170 என்று தொடங்கும். செவ்ரலே கார்புரேட்டர்களில் கடைசி இலக்கம் இரட்டைப்படையாக இருந்தால் ஆட்டோமேட்டிக் கியர் காருக்கும், ஒற்றைப்படையாக இருந்தால் கையால் கியர் மாற்றும் காருக்கும் உரியது. அருகிலேயே நான்கு இலக்கத் தேதிக் குறியீடு இருக்கும்: 0850 என்றால் 1970ஆம் ஆண்டின் 85ஆம் நாள், அதாவது மார்ச் 26. ‘கார்ட்டர்’ பெயர் பொறித்த குவாட்ராஜெட் கிடைத்தால் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஜெனரல் மோட்டார்ஸுக்காக கார்ட்டர் நிறுவனமும் ஒப்பந்தத்தில் இவற்றைத் தயாரித்துக் கொடுத்தது.

சோக் அமைப்பும் பொருந்த வேண்டும். குவாட்ராஜெட்டின் 4எம்வி வகையில் சோக்கின் சுருள், கார்புரேட்டரில் இல்லாமல் மேனிஃபோல்டில் தனியே அமர்ந்து ஒரு கம்பியால் இணைந்திருக்கும். 4எம்சி வகையில் அது கார்புரேட்டரின் பக்கவாட்டிலேயே இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்றை வாங்கினால் சோக் இணைப்புக்கு வழி தேடி அலைய வேண்டிவரும்.

‘புதுப்பித்தது’ என்ற பெயரில் பளபளப்பாக விற்கப்படுவதைவிட, அழுக்கேறிய, யாரும் கை வைக்காத பழைய கார்புரேட்டரையே நான் விரும்புவேன். ஒருமுறை புதுப்பித்த குவாட்ராஜெட் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கினேன். உடல் ஒரு ஆண்டைச் சேர்ந்தது, மேல் மூடி வேறொரு ஆண்டுடையது, பின் வாய்களின் மீட்டரிங் ராடுகள் (துளைக்குள் இறங்கிப் பெட்ரோலின் அளவைக் கட்டுப்படுத்தும் கம்பிகள்) இரண்டும் இரு வேறு எழுத்துக் குறி கொண்டவை. வண்டி ஓடியது, ஆனால் ஒவ்வொரு காலையும் ஸ்டார்ட் ஆக அரை நிமிடம் எடுத்தது. காரணம் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

வாங்கும்போது கையால் சோதிக்க வேண்டியவை மூன்று. த்ராட்டில் தண்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டம் தெளிவாகத் தெரிந்தால் அந்த வழியே காற்று நுழையும், புஷ் போட்டாக வேண்டும். பெட்ரோல் குழாய் நுழையும் பெரிய நட்டின் மரை கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேல் மூடியின் முன் விளிம்பில் நேரான இரும்பு அளவுகோலை வைத்து வளைவு உண்டா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டரை மேனிஃபோல்டில் பிடிக்கும் முன் போல்ட்டுகள் இரண்டும் நீளமானவை. மேல் மூடி வழியாகவே இறங்குபவை. யாராவது அவற்றை மூர்க்கமாக முறுக்கியிருந்தால் மூடி வளைந்திருக்கும்.

கழற்றுவதும் பிரிப்பதும்

எஞ்சின் ஆறியபின் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, திறந்த வெளியில் அல்லது கதவு திறந்த கொட்டகையில், தீயணைப்பானைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும். பெட்ரோல் குழாயைக் கழற்றும்போது கட்டாயம் இரண்டு ஸ்பேனர்கள் வேண்டும்: கார்புரேட்டரின் 1 அங்குல நட்டை ஒன்றால் அசையாமல் பிடித்துக்கொண்டு, குழாயின் நட்டை மற்றொன்றால் திருப்ப வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துத் திருகினால் பெரிய நட்டு சேர்ந்து சுழன்று, மென்மையான வார்ப்பு உலோகத்தில் உள்ள மரை போய்விடும். கார்புரேட்டரைத் தூக்கியவுடன் மேனிஃபோல்டின் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட வேண்டும்.

பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இணைப்புக் கம்பிகள் எந்தத் துளையில் நுழைகின்றன என்பது பிறகு நினைவில் நிற்காது. மேலே இருக்கும் ஒரு சிறு ஸ்க்ரூவை எடுத்தால் பின் மீட்டரிங் ராடுகள் இரண்டும் அவற்றைத் தாங்கும் தகட்டோடு சேர்ந்து மேலே வரும். ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பெட்ரோலைப் பீய்ச்சும், கார்புரேட்டருக்குள் இருக்கும் சிறு பம்பின் நெம்புகோல் பின்னை உள்நோக்கி, நெம்புகோல் விடுபடும் அளவுக்கு மட்டும் தட்ட வேண்டும். மேல் மூடியை ஒன்பது ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கின்றன. அவற்றில் இரண்டு, முன் வாய்களுக்குள்ளே ஒளிந்திருக்கும். அவற்றைக் காணாமல் மூடியை நெம்பி உடைத்தவர்கள் ஏராளம். எல்லாவற்றையும் எடுத்தபின் மூடியை நேராக மேல்நோக்கித் தூக்க வேண்டும், ஏனெனில் அதன் அடியில் தொங்கும் மெல்லிய பித்தளைக் குழாய்கள் சாய்த்தால் வளைந்துவிடும்.

உள்ளே, முன் ராடுகளைத் தாங்கும் பவர் பிஸ்டனை விரலால் அழுத்திச் சட்டென்று விட்டால், இரண்டு மூன்று முயற்சியில் பிளாஸ்டிக் பிடியை விட்டுத் துள்ளி வெளியே வரும். மிதவை, ஊசி, அதன் சீட்டு, முன் ஜெட்டுகள், பம்ப் துளைக்கு அருகே உள்ள எஃகுக் குண்டு ஆகியவை அடுத்தடுத்து வரும். ஜெட்டுக்கு அதன் வெட்டு முழுவதையும் நிரப்பும் அகலமான திருப்புளியே வேண்டும். அடித்தட்டிலுள்ள இரண்டு ஐடில் கலவை ஸ்க்ரூக்களையும் வெளியே எடுப்பதற்கு முன் மெதுவாக உள்ளே திருகி, எத்தனை சுற்றில் முட்டுகின்றன என்று எழுதிவையுங்கள். ஒவ்வொரு ஜெட்டின் எண், ராடின் எண், எழுத்துக் குறி ஆகியவற்றையும் அதே தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.

சுத்தம் செய்வதும் கசிவு தேடுவதும்

கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, கார்புரேட்டர் ஊறவைக்கும் திரவத்தில் உலோகப் பாகங்களை மட்டும் டப்பாவில் சொல்லியுள்ள நேரத்துக்கு ஊறவைக்க வேண்டும். ரப்பர், பிளாஸ்டிக், சவ்வு உள்ள எதுவும் அதில் விழக் கூடாது. அடுப்புக் கறை நீக்கும் காரமான திரவங்கள் அலுமினிய அடித்தட்டை அரித்துவிடும். ஊறியபின் கழுவி, ஒவ்வொரு துளையிலும் இரு திசையிலும் அழுத்தக் காற்றைச் செலுத்த வேண்டும். ஜெட் துளைக்குள் கம்பியோ குண்டூசியோ விட்டுக் குத்துவது கூடாது. ஒரு கீறலே அதன் அளவை மாற்றிவிடும்.

இனி, நான் மேலே சொன்ன காலை நேரச் சிக்கலின் காரணம். நடு உடலின் அடியில், எரிபொருள் கிணறுகளை அடைக்கும் வட்ட உலோக மூடிகள் தட்டிப் பொருத்தப்பட்டிருக்கும். பல ஆண்டு வெப்பத்தில் அவை தளர்ந்துவிடும். வண்டி நின்றபின் மிதவைக் கிண்ணத்துப் பெட்ரோல் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடும். கிண்ணத்தில் சிறிது பெட்ரோல் ஊற்றி, உடலை வெள்ளைத் தாளின் மேல் இரண்டு மரத்துண்டுகளில் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் காத்திருந்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு மூடியின் விளிம்பைச் சுற்றி நகக்கண் அளவுக்கு ஈரம் மினுங்கியது, அது மெல்லக் கனத்து ஒரு துளியாகத் திரண்டு தாளில் விழுந்து விரிந்தது. முன்பு புதுப்பித்தவர் அங்கே எபாக்சி பூசித்தான் இருந்தார், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்காமல் பூசியிருந்தார். நகத்தால் சுரண்டியதும் முழுதாக உரிந்து வந்தது. உலோகம் வெளுக்கும்வரை தேய்த்து, பிசுக்கு நீக்கும் திரவத்தால் துடைத்து, பெட்ரோலைத் தாங்கும் எபாக்சியைப் பூசி, அடித்தட்டின் கேஸ்கட்டை இடிக்காத உயரத்துக்கு அதை மட்டப்படுத்தி, ஒரு முழு நாள் விட்டுவிட வேண்டும். பிறகு தாள் சோதனையை மீண்டும் செய்யுங்கள்.

மிதவை பழையதாக இருந்தால் மாற்றிவிடுங்கள். கருநிறக் கடற்பஞ்சு போன்ற பொருளால் ஆன இந்த மிதவை, காலப்போக்கில் பெட்ரோலைக் குடித்துக் கனத்துவிடும். அதனால் பெட்ரோல் மட்டம் உயர்ந்து கலவை எப்போதும் கொழுப்பாகவே, அதாவது பெட்ரோல் மிகுந்ததாகவே இருக்கும். சமையலறைத் தராசில் புதியதையும் பழையதையும் நிறுத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

ஜெட் கணக்கு

அமெரிக்காவில் இன்று பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலானதில் 10 விழுக்காடு எத்தனால் கலந்திருக்கிறது. புதுப்பிக்கத் தேவையான பாகங்கள் அடங்கிய கிட் வாங்கும்போது கார்புரேட்டரின் பம்ப்பும் ஊசி முனையும் எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் ஆனவையா என்று கேட்டு வாங்க வேண்டும். இது எல்லோரும் சொல்வது. கலவை மெலிந்துவிடும் என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சுத்தமான பெட்ரோலுக்கு எடையில் 14.7 பங்கு காற்று தேவை. 10 விழுக்காடு எத்தனால் கலந்ததற்குச் சுமார் 14.1. அதாவது அதே காற்றுக்கு 4 விழுக்காட்டுக்குச் சற்று அதிகமாக எரிபொருள் வேண்டும்.

குவாட்ராஜெட்டின் ஜெட் எண் அதன் துளையின் விட்டத்தை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்கிறது. 71 என்றால் 0.071 அங்குலம். ராடு எண் 41 என்றால் அதன் தடித்த பகுதி 0.041 அங்குலம். பெட்ரோல் பாய்வது துளைக்கும் ராடுக்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியில்தான். 71 ஜெட்டையும் 41 ராடையும் வைத்து அந்த இடைவெளியின் பரப்பைக் கணக்கிட்டு, பிறகு ஜெட்டை மட்டும் 72ஆக மாற்றிக் கணக்கிட்டால் பரப்பு ஏறக்குறைய 4.3 விழுக்காடு கூடுகிறது. ஆகவே எத்தனால் கலந்த பெட்ரோலில் சீரான வேகத்தில் போகும்போது வண்டி லேசாக இழுத்து விடுவதுபோல் தடுமாறினால், தொழிற்சாலை அளவைவிட ஒரே ஒரு எண் பெரிய ஜெட் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். மூன்று நான்கு எண் தாண்டிப் போக வேண்டியிருந்தால் கோளாறு ஜெட்டில் இல்லை; எங்கோ காற்று இழுக்கிறது.

பூட்டுவது

பிரித்த வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றினால் போதும். இரண்டு அளவுகள் மட்டும் கூடுதல் கவனம் கேட்கும். முதலாவது மிதவையின் உயரம். கேஸ்கட் இல்லாமல், மிதவையின் அச்சு ஊசியை விரலால் கீழே அழுத்திப் பிடித்து, மிதவையின் நாக்கு ஊசி வால்வை லேசாகத் தொடும்படி வைத்து, வார்ப்பின் மேல் விளிம்பிலிருந்து மிதவையின் நுனிக்குச் சற்று உட்பக்கம் வரை அளக்க வேண்டும். 1970 செவ்ரலே 4எம்வி வகைக்கு அது கால் அங்குலம்; மற்றவற்றுக்கு எண்ணுக்குரிய அளவைக் கிட் தாளில் பார்க்க வேண்டும். திருத்த வேண்டியிருந்தால் மிதவையை வெளியே எடுத்து அதன் கையை வளைக்க வேண்டும். உள்ளே வைத்தபடியே அழுத்தினால் ஊசி முனையில் பள்ளம் விழும்.

இரண்டாவது பின் காற்றுக் கதவின் ஸ்பிரிங் இறுக்கம். பூட்டும் ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, கதவு மூடிய நிலையில், ஸ்பிரிங் தொடும் இடத்திலிருந்து எத்தனை சுற்று முறுக்க வேண்டும் என்பதையும் கிட் தாள் சொல்லும். பெரும்பாலும் அது அரைச் சுற்றுக்கும் முக்கால் சுற்றைச் சற்றுத் தாண்டிய நிலைக்கும் இடையில் இருக்கும். தளர்வாக விட்டால் மிதித்தவுடன் கதவு தடாலென்று திறந்து, காற்று மட்டும் உள்ளே புகுந்து, வண்டி ஒரு கணம் செத்ததுபோல் நின்றுவிட்டுப் பிறகு பாயும். குவாட்ராஜெட்டின் மீது சொல்லப்படும் புகார்களில் பாதி இந்த ஒரு ஸ்க்ரூவைச் சார்ந்தது.

மூடியை இறக்கும்போது பவர் பிஸ்டன் விரலுக்குத் தடையின்றி மேலும் கீழும் துள்ளுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்பது ஸ்க்ரூக்களையும் நடுவிலிருந்து வெளிநோக்கி, இரண்டு சுற்றாக, சமமாக இறுக்க வேண்டும்.

காரில் பொருத்தி ஓட்டிப் பார்ப்பது

அடி கேஸ்கட்டைப் பழையதோடு ஒப்பிட்ட பிறகே வையுங்கள். 1960களின் சில செவ்ரலே மேனிஃபோல்டுகளில் புகைக் காற்று கார்புரேட்டரின் அடியில் ஓடும் பள்ளம் உண்டு. அங்கே துருப்பிடிக்காத எஃகுத் தகடும் அதற்குரிய கேஸ்கட்டும் இல்லாவிட்டால் சூடான புகை அடித்தட்டையே அரித்துவிடும். நான்கு போல்ட்டுகளையும் குறுக்குக்குறுக்காகச் சிறிது சிறிதாக இறுக்கி, 12 அடி-பவுண்டு அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் பெட்ரோல் நிரம்பும்வரை ஸ்டார்ட்டரை இழுத்தடிப்பதைவிட, மேலே உள்ள காற்றுப் போக்குத் துளை வழியாகச் சிறு புனலால் ஊற்றிவிடலாம்.

கலவை ஸ்க்ரூக்களை முட்டும் இடத்திலிருந்து மூன்று சுற்று வெளியே வைத்துத் தொடங்கி, எஞ்சின் முழுதும் சூடாகி சோக் கதவு நேராக நின்றபின், மேனிஃபோல்டில் இணைத்த வேக்வம் கேஜின் முள் உச்சத்தைத் தொடும்வரை இருபுறமும் கால் சுற்றுகளாகத் திருப்புங்கள். ஐடில் வேகம் பானட்டின் கீழே ஒட்டப்பட்டிருக்கும் தாளில் உள்ளபடி இருக்கட்டும். கலவை ஸ்க்ரூ ஒன்றை முழுதும் உள்ளே திருகியும் எஞ்சினின் சத்தம் மாறவில்லை என்றால், த்ராட்டில் தட்டுகள் அதிகம் திறந்திருக்கின்றன அல்லது ஐடில் குழாய் ஒன்று இன்னும் அடைத்திருக்கிறது. மீண்டும் மூடியைத் திறந்தே ஆக வேண்டும்.

முதல் நாள் ஓட்டியபின் எஞ்சின் முழுதும் ஆறட்டும். புதிய கேஸ்கட் வெப்பத்தில் அமுங்கியிருக்கும் என்பதால் நான்கு போல்ட்டுகளையும் அதே 12 அடி-பவுண்டுக்கு ஒருமுறை சரிபார்த்துவிட்டு, பெட்ரோல் நுழையும் நட்டைச் சுற்றி உலர்ந்த விரலால் தடவி ஈரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகு ஏர் கிளீனரை மூடுங்கள்.